டீக்கடைக்கு வராத பூரான்

முதலாளி குழந்தைவேலு டீ கிளாஸைத் தம் கையாலேயே எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டியபோது, கடையில் இருந்தவர்கள் எல்லோரும் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அடுப்புக்குப் பின்னால் நின்ற கருணாம்பிகைக்கும் அப்படித்தான் பட்டது. நாச்சிமுத்து அவள் புருஷன். கடை அவளுடையது. சங்ககிரி லாரிப்பேட்டையில் அந்த டீக்கு மேல் தீர்ப்பு கிடையாது. எஞ்சின் படுத்துப்போன வண்டியின் முதலாளி, அதை ஓட்டிய டிரைவருக்குத் தன் கையால் டீ எடுத்துக் கொடுத்துவிட்டால் ஏச்சுப்பேச்சு எல்லாம் அதோடு சரி. அடுத்த லோடுக்கு அதே டிரைவர் அதே முதலாளியின் வண்டியில் ஏறுவான். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறியவர்களும் இல்லை.

நாச்சிமுத்து டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கழுவுகிற வாளியில் தானே போட்டான். எதிரே முதலாளியின் இன்னொரு லாரி லோடு ஏற்றி நின்றது. ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் தகட்டில் வலது உள்ளங்கையை வைத்தான். வண்டி கிளம்பவில்லை. கையை வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். தகட்டில் சிவப்பு எரிந்தது. வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல், மெக்கானிக் அத்தப்பனின் அச்சு அசலான குரல், பணிவாகச் சொன்னது:

"இந்தக் கைக்கு வண்டி கிளம்பாதுங்க."

குழந்தைவேலு எட்டிப் பார்த்து, "நாந்தான் டீ குடுத்துட்டனேப்பா" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே புரிந்திருக்காது. நாச்சிமுத்து இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வேறொரு டிரைவர் வந்து கையை வைத்தான். வண்டி கிளம்பிப் போயிற்று.

பூரான் வந்த கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. டீசல் போய் ஹைட்ரஜன் வந்த பிறகும் பிஸ்டன் பிஸ்டனாகத்தான் இருந்தது. தேய்கிற இடத்தில் தேய்ந்தது, பிடிக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டது. உள்ளே என்ன கோளாறு என்று தெரிய வேண்டுமானால் எஞ்சினைக் கழற்றிப் பரப்பித்தான் ஆக வேண்டும். வண்டி நாள் கணக்கில் பட்டறையில் கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி, விரல் நீளத்தில், வரிசையாகக் கால்கள் வைத்த ஒரு கருவியைக் கொண்டுவந்தது. எஞ்சினில் இருக்கிற துளைகளில் நுழைந்து, சுவர் சுவராக ஊர்ந்து, கீறலைத் தடவி, ஆயிலைச் சோதித்து, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்ததைச் சொல்லிவிடும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் நீளம். பேட்டை அதைப் பூரான் என்றது.

பார்ப்பது மட்டும் போதாது. பார்த்ததை வைத்து, இது யாரால் ஆனது என்றும் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ்காரனுக்கு வேண்டியது அதுதான். அதைக் கற்றுக்கொள்ளத்தான் பூரானைச் சங்ககிரிப் பட்டறைகளுக்கு அனுப்பி வைத்தார்கள். இவ்வளவு எஞ்சின்கள் திறக்கிற ஊர் வேறு எது? மெக்கானிக்குகள் திறந்தார்கள், பேசினார்கள். பூரான் பார்த்தது, கேட்டது. அத்தப்பனின் பட்டறையில்தான் அதிக நாள் இருந்தது. அதனால் பேச்சும் அவருடையதே வந்துவிட்டது. கற்று முடித்ததும் எல்லா எஞ்சினிலும் ஒரு பூரானைக் குடிவைத்தார்கள். டிரைவரின் தப்பு என்று பூரான் சொல்லிவிட்டால் அந்தக் கைக்குச் சிவப்பு. சிவப்புக் கைக்கு லாரி மட்டுமல்ல, டிராக்டர் கிளம்பாது, கிணற்றுமேட்டு மோட்டார்கூட உறுமாது.

நாச்சிமுத்துவின் வண்டி தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் பிடித்து நின்றது. பின்னால் உருண்ட வண்டியை அவன் மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் சாய்த்தான். பின்னால் ஒரு கல்யாண வேன் வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வண்டிக்குள்ளிருந்த பூரான், "என்னாச்சுங்க?" என்று கேட்டது. நாச்சிமுத்து யோசித்துப் பார்த்துவிட்டு, உள்ளதைச் சொன்னான்.

"தெரியலீங்க."

பூரான் உள்ளே போய் ஊர்ந்து பார்த்தது. வெளியே வந்து சொன்னது: "டிரைவர் கவனிக்கலீங்க."

இந்த வாசகம் காதில் விழுந்ததும் மற்றவர்கள் பயந்தார்கள். கருணாம்பிகைக்கு வந்தது ஆத்திரம். ஏனென்றால் அது அவள் ஆயுசு முழுக்கக் கேட்ட வாசகம். அதற்கு என்ன அர்த்தம் என்று பேட்டையில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது.

பட்டறையில் எஞ்சின் திறக்கும்போது முதலாளி வந்து நிற்பார். டிரைவரும் நிற்பான். மெக்கானிக் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, வாயைத் திறந்ததும் சொல்கிற முதல் பேச்சு அதுதான். டிரைவர் கவனிக்கலீங்க. டிரைவர் தலையைக் குனிந்துகொள்வான். முதலாளி அவன் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசுவார். ஏசி முடித்தால் சூடு தணியும். அப்புறம் எல்லோரும் எதிரே இருக்கிற கருணாக்கா கடைக்கு வருவார்கள். அங்கேதான் மெக்கானிக் குரலைத் தணித்து, விலை மலிவு என்று நீங்கள் வாங்கிய ஆயில் சரியில்லை என்றோ, ஓயாமல் லோடு அடித்தால் இரும்பு என்ன செய்யும் என்றோ மெதுவாக எடுத்து வைப்பார். முதலாளி மீசையைத் தடவுவார், டிரைவரைப் பார்க்க மாட்டார், டீயை எடுத்து நீட்டுவார். பட்டறையில் நடப்பது கூத்து. உண்மை பிறப்பது தன் கடையில் என்று கருணாம்பிகைக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

பூரான் பட்டறையில் இருந்தது. ஒரு நாளும் டீக்கடைக்கு வந்ததில்லை. அதைக் கூட்டிவர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொப்பூருக்குப் பிறகு அத்தப்பன் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கருணாம்பிகையை உடன்பிறந்தவள் மாதிரி நினைக்கிறவர், அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். ஒரு மத்தியானம் அவளே தூக்குப்போசியில் டீயை ஊற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அவர் பழைய டயர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். திறப்பதற்கு எஞ்சின் இல்லாத பட்டறையில் மெக்கானிக்குக்கு என்ன வேலை?

"என்னுங்கண்ணா, உங்க கொரலு மட்டும் ஊரெல்லாம் சுத்துது, நீங்க இங்கயே கெடக்கறீங்க?" என்றாள்.

அவர் தூக்குப்போசியின் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டார்.

"அந்த மனுசனோட கை இப்ப மோட்டாருக்குக்கூட ஆகாதாம். நாந்தான் போயிப் போட்டுட்டு வர்றேன். அவரு வரப்புல நின்னு பாக்கறாரு. நீங்க சொன்ன சொல்லுதானுங்க அது. மொதப் பேச்சு சும்மா பேச்சுன்னு அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொன்னேன் என்றார் அத்தப்பன். அது கற்றுக்கொண்டிருந்தபோதே ஒரு தடவை சொன்னாராம். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள், அதுவே புரிந்துகொள்ளும் என்றார்களாம். இப்போது ஒரு வழிதான் இருக்கிறது. சிவப்பு விழுந்தவர் ஒரே ஒரு தடவை மறுபார்வை கேட்கலாம். கேட்டால் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் நேரில் வருவார். அதிலும் சிவப்பு என்றால் அப்புறம் சாகிற வரைக்கும் சிவப்பு.

கேட்டார்கள். வந்தவள் ஆதிரை என்ற பெண். மாயவரத்துப் பக்கம் ஊர். பேச்சில் அந்த நீட்டல் இருந்தது. வெயிலில் அலைந்து கறுத்த முகம். முதலாளியின் ஏசி அறையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டு, கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கருணாம்பிகைக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. முதல் பேச்சு, இரண்டாம் பேச்சு, டீ கைமாறுகிற வழக்கம் எல்லாவற்றையும் அவள் ஒன்றுவிடாமல் சொல்ல, ஆதிரையின் கிளாஸில் டீ ஆறி ஆடை கட்டியது.

"அப்ப நாங்க பாதியத்தான் கத்துக்குடுத்திருக்கோம் அக்கா. திட்டுறதைக் காட்டினோம், சமாதானத்தைக் காட்டல" என்றாள்.

"அந்தச் சமாதானம் பூராவும் என்ற மண்டைக்குள்ள கெடக்குது கண்ணு. எந்த வண்டி, என்ன பேச்சு, யாரு டீ குடுத்தா, எல்லாம் சொல்றேன். அதுக்கு ஒரு காதை வெச்சுட்டுப் போ."

அப்படித்தான் பூரான் கடைசியில் டீக்கடைக்கு வந்தது. பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் சுருண்டு கிடந்து கேட்டது. கருணாம்பிகை டீ ஆற்றிக்கொண்டே பேசினாள். எந்த எஞ்சினுக்குப் பட்டறையில் என்ன பேச்சு நடந்தது, தன் கடையில் என்ன பேச்சு நடந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, சிவப்புக் கையோடு வீட்டில் முடங்கிக் கிடந்த டிரைவர்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். ஒருவன் இப்போது கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறான். இன்னொருவன் சொந்தத் தம்பியின் டிராக்டருக்குப் பின்னால் நடந்து போகிறான். எல்லோருக்கும் கருணாக்காவின் வாய்தான் கோர்ட்டு.

புதிதாகக் கற்ற பூரானை நாச்சிமுத்துவின் எஞ்சினுக்குள் விட்ட அன்று பட்டறையில் கூட்டம் நெரிந்தது. அது போய்விட்டு வந்தது. இந்தத் தடவை அதன் குரலில் கருணாம்பிகையின் சாயல்.

"டிரைவர் மேல தப்பில்லீங்க. மொதலாளி மட்டமான ஆயில் வாங்கிப்போட்டாருங்க."

நாச்சிமுத்து பக்கத்தில் நின்ற லாரியில் ஏறிக் கையை வைத்தான். பச்சை. வண்டி உறுமிக் கிளம்பியது. பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். ஹாரன் அடிக்கவில்லை, வேகம் எடுக்கவில்லை. கோவில் தேரை இழுத்து வருகிற மாதிரி மெல்ல வந்து அதே இடத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். கருணாம்பிகை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குழந்தைவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"நல்ல ஆயில்தான் ஊத்துனேன். பில்லு இருக்குது. போன மாசம் உன்ற புருசனுக்கு என் கையால டீ குடுத்தேன் அம்மிணி. மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். மற்ற முதலாளிகளும் பின்னாலேயே போனார்கள். அன்றைக்குப் போட்ட டீ பாதிக்கு மேல் மிஞ்சிப்போயிற்று.

நல்ல ஆயில்தான் என்றால்? கருணாம்பிகை அத்தப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், தலை குனிந்த டிரைவர் மாதிரி.

ஆதிரை எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற பெண். உடனே பச்சையை உறுதி செய்திருக்கலாம், செய்யவில்லை. கம்பெனிக் கிடங்கிலிருந்து பழுதான ஓர் எஞ்சினை வரவழைத்தாள். அது ஏன் போயிற்று என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதற்குள் முதலில் பழைய பூரானை விட்டாள். டிரைவர் கவனிக்கவில்லை என்றது. புதிய பூரானை விட்டாள். முதலாளியின் ஆயில் மட்டம் என்றது. அப்புறம் அத்தப்பனிடம் திரும்பி, நீங்களே திறந்து பாருங்கள் என்றாள். பட்டறையில் அப்போது அவர்கள் இருவரும், கருணாம்பிகையும் நாச்சிமுத்துவும்தான்.

அத்தப்பன் வெகுநாளைக்குப் பிறகு ஸ்பானரைத் தொட்டார். நிதானமாகக் கழற்றினார். கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார், பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பினார், ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். முதலாளி இல்லை, ஏச்சு வாங்க ஆள் இல்லை, டீ நீட்டக் கையும் இல்லை. கடைசியில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தெரியலீங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை என்பது கருணாம்பிகைக்கு உறைத்தது. பட்டறையிலும் கேட்டதில்லை, கடையிலும் கேட்டதில்லை.

"வார்க்கும்போதே இரும்புக்குள்ள ஒரு காத்துக் குமிழி" என்றாள் ஆதிரை. "கண்ணால பாத்தா தெரியாது. நாங்களே அறுத்துப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம். சரி, இந்த மாதிரி உங்களுக்குப் புரியாத எஞ்சின் முன்னாடியும் வந்திருக்கும்ல. அப்பல்லாம் என்ன சொல்லுவீங்க?"

"எதுக்கால யாரு நிக்கறாங்களோ, அவங்களுக்கு ஆகறதைச் சொல்லுவமுங்க. பட்டறையில மொதலாளிக்குக் கோவம் தீரோணும். கடையில டிரைவருக்கு மனசு ஆறோணும். ரெண்டு பேரும் மறுக்கா ஒண்ணா வண்டிய எடுக்கோணும். எஞ்சின் ஏம் போச்சுன்னு தெரிஞ்சு ஆகப்போறது என்னங்க? தேஞ்சதை மாத்திப்போட்டா ஓடுது."

"பாதிக்குப் பாதி தெரியாதா?"

"அதுக்கும் மேலயே இருக்குமுங்க."

கருணாம்பிகை, "அப்ப என் கடையில சொன்னதெல்லாம்?" என்றாள்.

"அதுவும் ஒரு பேச்சுத்தான் அம்மிணி" என்றார் அத்தப்பன். "நீ அதை நெசம்னு நெனச்சுக்கிட்டு இருந்தீன்னு எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியாதா? அதைத்தான் அப்புறம் பல நாள் நினைத்துப் பார்த்தாள். ஒரு வருஷம் நாச்சிமுத்து உண்மையிலேயே ஆயில் பார்க்க மறந்து, வண்டி ஓமலூரில் படுத்துப்போனது. வீட்டில் அவளிடம் மட்டும் சொன்னான். மறுநாள் கடையில் அத்தப்பன், உன்மேல் தப்பில்லை மாப்பிள்ளை என்று தேற்றினார். அவள் கூடுதலாகச் சர்க்கரை போட்டு டீ கொடுத்தாள். அந்த எஞ்சினையும் தன் பேச்சில் பூரானுக்குச் சொல்லியிருந்தாள். கடையில் நடந்தபடியேதான் சொன்னாள்.

ஆதிரை கம்பெனிக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் மேலே எடுத்துச் சொன்னாள். பூரானுக்கு மூன்றாவதாக ஒரு சொல் கற்றுக்கொடுக்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தாள். தெரியாது என்று சொல்கிற மெக்கானிக்கை நீ வேலைக்கு வைப்பாயா என்று கேட்டார்களாம். பிறகு முடிவு வந்தது. அதை அவள் ஆள் வைத்துச் சொல்லவில்லை. தானே கருணாம்பிகையைப் போனில் கூப்பிட்டாள்.

முதலில் கற்றதே நிலைக்கும் என்பதுதான் முடிவு. நாச்சிமுத்துவின் கைக்கு மறுபடியும் சிவப்பு. டீக்கடையில் பேசியது, பேசியவர்கள் பாட்டுக்குப் பேசியது. பட்டறையில் சொன்னதோ சம்பந்தப்பட்ட எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னது. அங்கே நின்ற ஒரு டிரைவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பூரான் பார்த்த அத்தனை எஞ்சினுக்கும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

"அது ஒத்துக்கிட்டதா ஆகுமா கண்ணு?"

"அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு ஆகுது அக்கா. அதோட, தொப்பூர்ல பூரான் கேட்டப்ப மாமா தெரியலன்னு சொல்லியிருக்காரு. கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கறாங்க. அவரு எதையாவது சொல்லியிருக்கலாம். பிரேக்கு, ஆயிலு, ரோடு, எதையாவது. பொய்யா இருந்தாலும் நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வாதாடியிருப்பேன்."

கருணாம்பிகை போனை வைத்துவிட்டுப் பாய்லரில் தண்ணீர் ஊற்றினாள். நாச்சிமுத்து பால் சட்டியை நகர்த்திக் கொடுத்தான்.

அவன் இப்போது கடையில்தான் இருக்கிறான். டீ நன்றாகவே ஆற்றுகிறான். லாரி வந்து நின்றால் மட்டும் முதுகைக் காட்டி நிற்பான். ஆனால் எந்த வண்டியில் என்ன சத்தம் கேட்கிறது என்று கை நிற்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட கருணாம்பிகைதான் பின்பக்கம் ஓட வேண்டும். அவள் கை ஈரமாக இருக்கிறதே என்று ஒரு நாள் அவன் எழுந்தான். அப்புறம் தானே உட்கார்ந்துகொண்டான்.

மழை தூறிய ஒரு காலை அத்தப்பன் வந்தார். பட்டறையை மூடிவிட்டார் என்று பேச்சு. பழைய பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நாச்சிமுத்து டீயை உயரத் தூக்கி ஆற்றினான். சர்க்கரை அளவு அவனுக்குத் தெரியும். கிளாஸை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அத்தப்பன் கையை நீட்டினார்.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தான். கிளாஸைக் குனிந்து பெஞ்சின் பலகை மேல் வைத்தான்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அத்தப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ள, எம்மேல மனசுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அடுப்புக்குப் பின்னால் கருணாம்பிகை காத்திருந்தாள். ஒன்றுமில்லை மச்சான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்ல எத்தனையோ பேரை இந்தக் கடை பழக்கியிருக்கிறது. அவர் டீயைக் குடிப்பார், இவன் கிளாஸைக் கழுவுவான், நாளைக்கும் வருவார்.

நாச்சிமுத்து நன்றாக யோசித்தான்.

"தெரியலீங்க" என்றான்.